அடிவாரத்தை எதுக்குங்க மாத்தணும்? குன்றுப் பாதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடமாக நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் குன்றுகளை ஏறிக்கொண்டிருக்கிறோம். போன வருடம் எங்கள் ஊர்க் குன்றின் அடிவாரத்தை ஊராரோடு சேர்ந்து திருத்தும் வேலையில் இறங்கினோம். ஊர்க்கூட்டத்திலும் டீக்கடையிலும் போனிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊர்ப்பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. காரணம் கீழே வரும்.

அடிவாரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வண்டியை நிறுத்துகிற இடத்திலிருந்து பாறையில் முதல் கால் வைக்கிற இடம் வரை. எங்கள் குன்றில் அது எண்பது தப்படி. அந்த எண்பது தப்படியில் போன வருடம் என்னென்ன இருந்தன என்று ஒரு நோட்டில் எழுதினோம்: கால் உடைந்த சிமெண்ட் பெஞ்ச் ஒன்று, தண்ணீரே வராத குடிநீர்த் தொட்டி ஒன்று, பாட்டில் சில்லுகள், சீமைக்கருவேலம், 'அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவார்கள்' என்று துருப்பிடித்த போர்டு. புதருக்குப் பின்னால் கழுத்தளவு மண்ணில் புதைந்து ஒரு நடுகல், அதாவது செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது மிரட்டல் போர்டு. கடைசி வரைக்கும் படாதது நடுகல். நாங்கள் மாற்ற நினைத்தது இந்த வரிசையைத்தான்.

மலை மேலே இருக்கிறதுதானே முக்கியம்? கீழே எதற்குச் செலவு?

எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் சொன்னது: "வாசல் பெருக்காத வூட்டுக்கு யாரு சாமி வருவாங்க?" அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். குன்றுக்கு வருகிற நூறு பேரில் உச்சி வரை போகிறவர்கள் பாதிகூட இருக்க மாட்டார்கள். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், முட்டி வலிக்காரர்கள் கீழேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு மலை என்றால் அந்த எண்பது தப்படிதான்.

அடிவாரத்தைத் திருத்துவதை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே பாதை தொடங்கும் இடத்தில் சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல், அடுத்தவர் கை எதிர்பார்க்காமல் சுமையை இறக்கி வைக்கிற உயரம். பக்கத்தில் ஒரு புளியமரம், சித்திரையில் நீர்மோர்ப் பந்தல், ஒரு பிள்ளையார். இதைவிட நல்ல வடிவமைப்பை நான் எங்கும் பார்க்கவில்லை.

அப்படியானால் அமெரிக்காவின் அரிசோனா மாநில அடிவாரப் படத்தை ஊர்க்கூட்டத்தில் ஏன் காட்டினீர்கள்?

அது என் தப்புதான். படத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் 'அமெரிக்கா மாதிரி' ஆகப்போகிறது என்று கிளம்பிவிட்டார்கள். நான் காட்ட நினைத்தது கட்டடத்தை அல்ல. அங்கே ஸ்காட்ஸ்டேல் என்ற பாலைவன நகரத்தில் 1995-இல் மக்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் மேலேயே 0.2 சதவீதம் விற்பனை வரி விதித்துக்கொண்டார்கள். ஊரை ஒட்டிய மலைகளை மனை வியாபாரத்திலிருந்து காப்பாற்றி நிலமாக வாங்க அந்தப் பணம் போனது. இன்று அப்படிக் காத்த நிலம், மெக்டவல் சோனோரன் காப்பிடம் என்ற பெயரில், 30,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. நிலம் கைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு பாதை முனையையும் திருத்தினார்கள். அந்த ஊர்களில் அடிவாரக் கட்டடங்கள் பாலைவன மண் நிறத்தில் தாழ்வாக இருக்கும். நிழல் இருக்கும், வரைபடம் இருக்கும், 'எவ்வளவு தண்ணீர் கொண்டு போகிறாய்' என்று கேட்கும் போர்டு இருக்கும். பக்கத்து பீனிக்ஸ் நகரத்தில் கடும் வெயில் எச்சரிக்கை வந்தால் பிரபலமான இரண்டு மலைப் பாதைகளைப் பகலில் மூடியே விடுகிறார்கள்.

அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. பீனிக்ஸில் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாது. நமக்கு 850-ஐ ஒட்டிப் பெய்கிறது. நம்முடையது பாலைவனம் அல்ல, பாறையும் முள்ளும் கலந்த வறள்காடு. ஆனால் அந்த மழை நாலைந்து பெருமழையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மிச்ச நாளெல்லாம் பாறை காயும். அதனால் நிழல், தண்ணீர், மண் அரிப்பு ஆகிய மூன்றிலும் அவர்கள் கவலையும் நம் கவலையும் ஒன்றுதான்.

டைல்ஸ் போட்டு, வளைவு கட்டி, ஹைமாஸ் விளக்கு வைத்தால் அழகாக இருக்குமே?

வேறொரு ஊரில் அப்படிச் செய்த அடிவாரத்துக்கு ஒரு மே மாதம் போயிருந்தோம். மதியம் ஒரு மணி. வேண்டுதலுக்கு வந்திருந்த ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸில் கால் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். பிறகு டைல்ஸின் ஓரமாக, மண் தெரிகிற ஒரு சாண் அகலத்தில், கல்யாண வீட்டில் கோலத்தை மிதிக்காமல் நடப்பது போலக் கால் மாற்றி மாற்றி நடந்து போனார். அந்த ஒரு சாண் மண்ணை ஒப்பந்தக்காரர் மறந்து விட்டுவைத்திருந்தார். அன்றைக்கு அந்த இடத்தில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

விளக்கைப் பற்றி ஒரே வரி: இரவில் குன்று நரிக்கும் ஆந்தைக்கும் முள்ளம்பன்றிக்கும் சொந்தம், அவற்றுக்கு ஹைமாஸ் தேவையில்லை.

கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பேர் போனது. அதையே பதித்தால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரிக்காமல்தான் கேட்டார். ஒரு குன்றை அறுத்து எடுத்த கல்லை இன்னொரு குன்றின் காலடியில் பதித்துவிட்டு 'இயற்கையோடு இணைவோம்' என்று போர்டு வைக்க எனக்குக் கை வரவில்லை. பர்கூர்ப் பக்கம் குவாரிக் குழிகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அடிவாரத்திலேயே உருண்டு கிடக்கும் கல் போதும். நாங்கள் வெளியிலிருந்து ஒரு லோடு கல்கூட இறக்கவில்லை.

அப்புறம் என்னதான் செய்தீர்கள்?

முதலில் எடுத்தோம். பெஞ்ச், தொட்டி, போர்டு, பாட்டில் சில்லு என்று இரண்டு டிராக்டர் லோடு போனது. சில்லு பொறுக்க மட்டும் மூன்று ஞாயிறு பிடித்தது. ஆடுகளின் குளம்பில் ஏறும் என்பதால் ஆட்டுக்காரர்கள்தான் எங்களைவிட அக்கறையாகப் பொறுக்கினார்கள்.

அடுத்தது தண்ணீர் ஓட்டம். பழைய பாதை சரிவில் நேர்கோடாக இறங்கியது. நேராக இறங்கும் பாதை இரண்டு மழைக்காலத்தில் ஓடையாகிவிடும், ஜனங்கள் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் புதுத் தடம் போடுவார்கள், பாதை அகண்டு புண் மாதிரி பரவும். எங்களில் யாருக்கும் இதற்கு மருந்து தெரியவில்லை. மானாவாரிக் காடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "வரப்புத் தெரியாதவன் எல்லாம் மலைக்கு வந்துட்டீங்க" என்றார். பாதைக்குக் குறுக்கே, நேராக அல்லாமல் சாய்வாக, பாதி மண்ணுக்குள் புதையும்படி கல் வரிசை வைக்கச் சொன்னார். தண்ணீர் அதில் மோதி ஓரமாக இறங்கிப் புல்லுக்குள் போய்விடும். குறுக்கே நேராக வைத்தால் தண்ணீர் தேங்கி, உடைத்துக்கொண்டு போகும். ஏற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: பத்தடி நடந்தால் ஓர் அடிக்கு மேல் ஏறாமல் பாதையை வளைத்து வளைத்து எடுத்தால் மண்ணும் தங்கும், முட்டியும் தாங்கும். பதினோரு கல்வரப்பு வைத்தோம். ஐப்பசி மழையில் இரண்டு பெயர்ந்தன. அந்த இரண்டையும் நாங்கள் அவசரத்தில் நேராக வைத்திருந்தோம்.

மூன்றாவது நிழல். பந்தல் போடலாமா, மரம் வைக்கலாமா என்று சண்டையே வந்தது. இரண்டும்தான். மரம் நிழல் தர ஐந்தாறு வருடம் ஆகும், அதுவரை மூங்கில் கால் நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல். வேம்பு, புங்கன், உசில் வைத்திருக்கிறோம். பாறை இடுக்கில் தானே முளைத்திருந்த இச்சி மரத்தைத் தொடவில்லை. நர்சரியில் மஞ்சள் பூச் செடி தருகிறேன் என்றார்கள். அடிவாரம் முழுக்க ஆவாரை தானே மஞ்சளாகப் பூத்துக் கிடக்கையில் எதற்கு என்று வேண்டாமென்றுவிட்டோம்.

குடிநீருக்கு போர் போடவில்லையா?

போடவில்லை. இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். எலும்பு வளைந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், அதன் பெயரிலேயே 'ஃப்ளூரோசிஸ் பாதிப்பு குறைப்பு' என்று உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கும் தண்ணீர் குடிக்க உதவாது. சோதிக்காமல் ஒரு போர் குழாயை அடிவாரத்தில் நட்டு 'குடிநீர்' என்று எழுதுவது பாவம். எங்கள் அடிவாரத்தில் இப்போது இருப்பது கூட்டுக்குடிநீர்த் தண்ணீரை நிரப்பி வைக்கும் இரண்டு பானை, ஒரு சொம்பு, தினமும் நிரப்ப முறை வைத்து ஏழு வீடு. மேலே பாறைச் சுனையில் மழைத்தண்ணீர் மாசி வரை நிற்கும். அதை நாம் குடிக்கக் கூடாது, அது குரங்குக்கும் கௌதாரிக்கும். அதில் கால் கழுவுகிறவர்களை என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நடுகல்லை மியூசியத்துக்குக் கொடுக்கவில்லையா?

கொடுக்கலாமா என்று பேசினோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் நிறைய நடுகற்கள் இருக்கின்றன. காப்பாற்ற வழியில்லாத இடத்திலிருந்து கல் அங்கே போவது நல்லதுதான். எங்கள் கல்லுக்கு வழி இருந்தது. மண்ணைத் தள்ளித் துடைத்த அன்று கூட்டத்திலிருந்து ஒருவர், "இது எங்க வேடியப்பன் ஆச்சே" என்றார். இந்தப் பக்கம் நடுகல்லில் நிற்கும் வீரனை வேடியப்பன் என்று கும்பிடுவது வழக்கம். அவர் குடும்பம் நாற்பது வருடம் முன்பு வரை இங்கே வந்து பொங்கல் வைத்ததாம், புதர் மூடிய பிறகு நின்றுபோனதாம். கல்லுக்குச் சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கும்போது அதை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

கல்லில் வீரனின் இடது கையில் வில், வலது கையில் குறுவாள். காலடியில் இரண்டு மாடு. அதாவது ஆநிரையைக் காக்கப் போனவனோ மீட்கப் போனவனோ அங்கே விழுந்திருக்கிறான். எழுத்து இல்லை, பெயரும் இல்லை. இது போன்ற கல் இந்த மண்ணுக்கு எவ்வளவு பழையது என்பதற்குத் தகடூரை, இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியே சாட்சி. அவன் செத்த பிறகு அவனுக்கு நட்ட கல்லின் முன் நின்று ஔவையார் அழுதது புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையோடு சேர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கள்ளை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார்.

அடிவாரத்துப் போர்டில் என்ன எழுதினீர்கள்?

'தொன்மை வாய்ந்த வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று தொடங்கிய முதல் வரைவைக் கிழித்துப் போட்டோம். அந்த நான்கு சொல்லுக்குப் பிறகு யாரும் படிக்க மாட்டார்கள். இப்போது இருப்பது இது:

'இந்தக் கல்லில் நிற்பவர் பெயர் தெரியாது. மாடுகளுக்காகச் செத்தார். கல்லைத் தொடலாம், எண்ணெய் ஊற்றாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். ஆடி மாதம் இவருக்குப் பொங்கல் வைப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.'

தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, உருதுவில் ஒன்று. எங்கள் ஊர்த் தெருக்களில் நாலும் பேசுகிறார்கள், அதனால் போர்டும் நாலு.

இங்கே அப்படி என்ன பெரிய வரலாறு? திருச்சி, தஞ்சாவூர் மாதிரி இல்லையே?

கோபுரம் மட்டும்தான் வரலாறு என்றால் இல்லைதான். பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள், 4,000 வருடத்துக்கு மேல். 2025-இல் தூத்துக்குடிப் பக்கம் சிவகளையில் கிடைத்த இரும்பு அதைவிடப் பழையது என்று அறிவித்தார்கள், போகட்டும். மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். மல்லசந்திரத்தில் பலகைக் கல்லால் வீடு மாதிரி நிறுத்திய கல்திட்டைகள், செத்தவர்களுக்கான பழங்காலக் கல்லறைகள். ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை, இடுதுளை என்பார்கள். ஊரார் பாண்டவர் வீடு என்பார்கள்.

கோட்டைகளும் உண்டு. இந்தப் பகுதியின் பழைய பெயரான பாரமகாலில் இருக்கிற 'பாரா'வுக்குப் பன்னிரண்டு என்று அர்த்தம், பன்னிரண்டு கோட்டை நாடு. கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் மகாராஜகடைக்குப் போய் 'கடை எங்கே' என்று தேடாதீர்கள். 'கட்' என்றால் கோட்டை, அதுதான் நம் வாயில் கடை ஆகிவிட்டது. கிருஷ்ணகிரியில் தர்கா இருக்கும் சையத் பாஷா மலையை 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தாக்கியது. கீழே பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது, மேலிருந்த திப்பு சுல்தானின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். அந்த மலையில் மூச்சு வாங்கி உட்காரும்போது, மேலிருந்து கல் உருண்டு வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று ஒரு தடவை பாருங்கள். பக்கம் இருக்காது. மறு வருடம் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் முழுதும் கம்பெனிக்குப் போயிற்று.

நாங்களும் எங்கள் ஊரில் இப்படிச் செய்யலாமா? அனுமதி வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும், இடத்தைப் பொறுத்து. மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னமாக இருந்தால் 100 மீட்டருக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான். கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் இதில் வரும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சிகூட நடாதீர்கள். எங்கள் குன்று ஊர்ப் பொதுநிலம். கிராமசபையில் தீர்மானம் போட்டுத்தான் தொடங்கினோம், அதற்கே எட்டு மாதம். நடுகல்லோ கல்திட்டையோ கண்டால் நீங்களாக நகர்த்தவோ தோண்டவோ கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் முதலில் சொல்லுங்கள்.

யானை வருமா?

எங்கள் குன்றுக்கு வராது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரிப் பக்கம் வரும். ராகி முற்றும் காலத்தில், ஐப்பசி கார்த்திகையிலிருந்து, பன்னேர்கட்டாப் பக்கமிருந்து கூட்டமாக இறங்கும். அங்கெல்லாம் விடிவதற்கு முன் அடிவாரத்துக்குப் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, வனத்துறையின் பாதைகளை இப்போது இணையத்தில் பதிந்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். யானையைவிட எங்களைப் பயமுறுத்தியது மலைத்தேனீதான். பாறை விளிம்பின் அடியில் அடை தொங்கினால் சத்தம், புகை, சென்ட் மூன்றும் கூடாது.

புதையல் இருக்கிறதாமே?

இல்லை. அந்த நம்பிக்கையில் உடைத்துப்போட்ட கல்திட்டைகளை நிறையப் பார்த்துவிட்டோம். ஊர்ப்பெயர் போடாததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ரீல்ஸ் எடுக்கலாமா?

மீதிப் பாதிக் காரணம். எடுங்கள், இடத்தின் பெயரைப் போடாதீர்கள். எடுக்க உருப்படியான ஒன்று வேண்டுமென்றால் பாறை ஓணானை எடுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் முதுகு செக்கச்செவேல், பக்கங்கள் கறுப்பு. வெயிலேறிய பாறையில் தண்டால் எடுப்பது போல மேலும் கீழும் எம்பும். பெட்டை அதே பாறையில் பாறையின் நிறத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், போனில் அது விழவே விழாது.

ஏற முடியாதவர்கள் வந்து என்ன செய்வது?

கீழேயே குன்றைச் சுற்றிச் சமதளமாக இருநூறு மீட்டர் ஒரு தடம் எடுத்திருக்கிறோம், சக்கர நாற்காலி போகும். நடுகல், இச்சி மரம், சுமைதாங்கி மூன்றும் அந்தத் தடத்தில்தான் வருகின்றன. சுமைதாங்கியின் மேல்கல் விழுந்து கிடந்தது, பத்துப் பேர் சேர்ந்து தூக்கி வைத்தோம். அதன் மேல் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பை இருக்கிறது.

அடுத்த வேலை நாள் எப்போது? என்ன கொண்டு வர வேண்டும்?

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, விடிந்ததும். வெயில் ஏறுவதற்குள், ஒன்பதரைக்கு முடித்துவிடுவோம். முழுக்கால் பேண்ட், தண்ணீர், தொப்பி. பெயர்ந்த இரண்டு கல்வரப்பை இந்தத் தடவை சாய்வாக வைக்க வேண்டும், கடப்பாறை இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். பத்து மணிக்கு ராகிக் கூழும் மோர்மிளகாயும் உண்டு. சொம்பு கொண்டு வந்தால் கூழ் அதிகம் கிடைக்கும்.